வட்டத் தாளில் ஓர் இரவு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா இறந்து வருகிற மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. பால்பண்ணையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேன் இறக்குகிற வேலையில் சேர்ந்து, பிறகு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்து, கடைசி 12 வருடம் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குகிற பாஸ்டுரைசர் இயந்திரத்தின் ஆப்பரேட்டராக இருந்தார் என்று பாட்டி சொல்கிறார். நினைவு நாளில் நான் எட்டு நிமிடம் பேச வேண்டும். அதையே சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கலாம் என்பது மாமாவின் யோசனை. எழுத உட்கார்ந்தால் "கடும் உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோரிடமும் அன்பாக இருந்தவர்" என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. இது யார் தாத்தாவுக்கும் பொருந்துமே.

அவர் பெட்டியில் கிடைத்தவை இவை. அடி பருத்த, மிதவை மாதிரி ஒரு கண்ணாடிக் குழல். ஒரு முனை பருத்து மறுமுனை ஒல்லியாகி அளவுக்கோடு போட்ட இன்னொரு கண்ணாடிக் குழாய். ரப்பர் அடைப்பான் போட்டிருக்கிறது, உள்ளே கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கறுப்பு ரப்பர் வளையம் இரண்டு. ஒரு நீள நோட்டு. அதில் "28 – 4.0 – 8.44", "29 – 4.4 – 8.79" என்று பக்கம் பக்கமாக எண்கள். "26 – 3.6 – 7.84" என்பதைச் சிவப்பில் சுழித்திருக்கிறார். ஒரு பக்கத்தில் "இரவு 2.40. எஃப்.டி.வி. 3 முறை. ஸ்டீம்" என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் தேதியே போட்ட, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான ஒரு தாளும் உண்டு. சிவப்பு மையில் நடுங்கும் கோடு. ஈ.சி.ஜி. என்று நினைத்து மருத்துவக் கோப்பில் போட்டுவைத்திருந்தோம்.

வீட்டில் அவருக்குச் சில பழக்கங்கள். எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் மூடியைக் கவிழ்த்து மூக்கருகே கொண்டுபோவார். பால் பாத்திரத்தில் எடுத்த எடுப்பில் சுடுநீரை ஊற்றினால் பாட்டியோடு சண்டை. கழுவி முடித்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்ப்பார். மருந்து பாட்டிலைத் துண்டில் சுற்றித்தான் குலுக்குவார். பழைய வேலைச் சட்டைகளில் ஊசி குத்தியது போலத் துளைகள். கடைசியில் காது மந்தமாகிவிட்டது. இன்னொன்று, அவர் பால் குடித்ததே இல்லை. இதையெல்லாம் எழுதலாமா, கேலியாகிவிடுமா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

பேச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே கறுப்பு ஒட்டிய அந்தக் குழாயின் பெயர் பூட்டைரோமீட்டர். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளப்பது. அதில் ஊற்றுவது அடர் கந்தக அமிலம். நீங்கள் பார்ப்பது காய்ந்த கறையாக இருக்கலாம், அமிலத்தின் மிச்சமாகவும் இருக்கலாம். அடைப்பானைத் திருகாதீர்கள், தண்ணீர் விட்டு அலசிப் பார்க்காதீர்கள். அடர் அமிலத்தில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கல்லூரி வேதியியல் ஆய்வகம் எதிலாவது கொடுத்துச் சுத்தம் செய்து வாங்குங்கள். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மிதவைக் குழல் லாக்டோமீட்டர், பாலின் அடர்த்தியைப் பார்ப்பது. அதன் அடியில் நிமிர்ந்து மிதப்பதற்காக ஈயக் குண்டுகள் இருக்கக்கூடும். உடையாமல் பஞ்சில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. எழுதலாமா என்று நீங்கள் தயங்குகிற அந்தப் பழக்கங்கள்தான் உங்கள் பேச்சே. பால்பண்ணை வேலை நன்றாக நடந்தால் மறுநாள் காலையில் ஒன்றுமே நடந்திருக்காது. பால் திரியாது, யாருக்கும் வயிறு வலிக்காது, யாரும் யாரையும் நினைக்க மாட்டார்கள். கட்டிடத் தொழிலாளியின் பேரன் ஒரு சுவரைக் காட்டலாம். உங்களுக்குக் காட்ட இருப்பது அவர் கையில் படிந்த பழக்கமும் அந்த நோட்டும்தான். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

மூடியை முகர்வது கேன் இறக்குமிடத்தில் கற்றது. பால் வந்ததும் நடக்கிற முதல் சோதனை அதுதான். மூடியைத் திறந்த கையோடு கவிழ்த்து முகர வேண்டும். பாலின் மேல் தேங்கிய வாடை முழுவதும் மூடியின் உட்புறத்தில்தான் இருக்கும். நாலைந்து விநாடி விட்டால் கலைந்துவிடும். பாலையே முகர்ந்தால் அவ்வளவு தெரியாது. புளிப்பு, சரியாகக் கழுவாத கேனின் நாற்றம், மண்ணெண்ணெய், மாடு தின்ற தீவனத்தின் வாடை என்று பிரித்துச் சொல்லும் மூக்கு வேண்டும். வரிசையாகக் கேன்கள் வந்துகொண்டே இருக்கும்போது ஒரு கேனுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு. ஜலதோஷம் பிடித்தவர் அன்றைக்கு அந்த இடத்தில் நிற்கக் கூடாது. தப்பாக ஒரு கேனை விட்டுவிட்டால் அது தொட்டியில் இருக்கிற அத்தனை பாலோடும் கலந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பயம் உடம்பில் ஏறிய ஒருவர் வீட்டுக் குழம்புச் சட்டியையும் அப்படித்தான் திறப்பார்.

சந்தேகம் வந்த கேனுக்கு அடுத்த சோதனைகள் உண்டு. சோதனைக் குழாயில் 5 மில்லி பாலும், அதே அளவு 68 சதவீத ஆல்கஹாலும் விட்டு ஒருமுறை கவிழ்ப்பார்கள். சுவரில் துகள்கள் ஒட்டினால் அது சூட்டைத் தாங்காத பால். அல்லது 5 மில்லியைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்துத் திரிகிறதா என்று பார்ப்பார்கள். நோட்டில் "சி.ஓ.பி." என்று எங்காவது இருந்தால் அது இந்தக் கொதிசோதனை. பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் திரிந்தது, கேன் திரும்பிப் போனது என்று பொருள். "எம்.பி. 4.30" என்ற மாதிரி இருந்தால் அது மெத்திலீன் ப்ளூ. 10 மில்லி பாலில் 1 மில்லி நீலச் சாயம் விட்டு 37 டிகிரியில் வைத்தால், கிருமி அதிகமாக இருக்க இருக்க நீலம் சீக்கிரம் வெளுக்கும். நாலரை மணி நேரம் நின்றது நல்ல பால். அரை மணியில் வெளுத்தால் மோசம்.

கேனைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். 40 லிட்டர் கேன் என்றால் பால் மட்டும் 41 கிலோ சொச்சம். கேனோடு 50 கிலோவை ஒட்டி வரும். தூக்க மாட்டார்கள். சற்றே சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, கழுத்தைப் பிடித்து உருட்டுவார்கள். ஒரே ஆள் இரண்டு கைக்கும் இரண்டு கேன் உருட்டுவதும் உண்டு. தரை எப்போதும் ஈரம். சாய்வு ஒரு விரல்கடை கூடினால் கேன் ஆளை இழுத்துக்கொண்டு போகும். தாத்தாவோடு அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து உருட்டிக் காட்டச் சொல்லுங்கள். கை எங்கே பிடிக்கிறது, கால் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

பாட்டியோடு சண்டை விஷயத்தில் நியாயம் தாத்தா பக்கம். பால் ஒட்டிய பாத்திரத்தில் எடுத்தவுடன் சுடுநீர் விட்டால் பாலின் புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தாது உப்பு படியும். நாளாவட்டத்தில் மஞ்சள் வெள்ளையாகக் கல் மாதிரி இறுகிவிடும். பால்கல் என்பார்கள். அதற்குள் இருக்கிற கிருமிக்குச் சூடும் எட்டாது, மருந்தும் எட்டாது. அதனால் ஆலையில் வரிசை மாறவே மாறாது. முதலில் வெறும் தண்ணீர் அல்லது வெதுவெதுப்பான தண்ணீர், வெளியே வருவது தெளியும்வரை. பிறகு 1 முதல் 1.5 சதவீதக் காஸ்டிக் சோடா, 70, 75 டிகிரியில், பதினைந்து இருபது நிமிடம் குழாய்க்குள் சுற்றும். அது கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும். மறுபடி தண்ணீர். பிறகு 0.5 முதல் 1 சதவீத நைட்ரிக் அமிலம், 60 டிகிரியை ஒட்டி. இது கல்லை எடுக்கும். மறுபடி தண்ணீர். அமிலத்தைச் சோம்பலில் சில நாள் விட்டுவிட்டால், பாலைச் சூடாக்குகிற தகடுகளில் கல் ஏறி, பால் சூடாக மாட்டேன் என்னும். அமிலம் சரியாக அலசப்படாத குழாயில் குளோரின் மருந்தை விட்டால் நச்சுவாயு கிளம்பும்.

விரலைத் தேய்ப்பது இங்கே வருகிறது. காஸ்டிக் தோலின் எண்ணெயைச் சோப்பாக்கும், அதனால் வழுக்கும். கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டு இரண்டு விரலையும் தேய்த்தால் வழுக்கக் கூடாது, கரகரவென்று பிடிக்க வேண்டும். லிட்மஸ் தாளில் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. தாள் தீர்ந்த நாளிலும், தாளை நம்பாத நாளிலும் விரல்தான். அப்படித் தொட்டுத் தொட்டு விரல் நுனி வெடித்துப்போனவர்கள் உண்டு. தாத்தாவின் விரல் எப்படி இருந்தது என்று பாட்டிக்குத் தெரியும், கேளுங்கள்.

ரப்பர் வளையங்கள் குழாய் இணைப்பின் வாஷர். அவற்றைச் சும்மா எடுத்து வைத்திருக்க மாட்டார். கையால் வளைத்துப் பாருங்கள், இறுகி வெடிப்பு விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பம்புக்கு முன்னால், உறிஞ்சுகிற பக்கத்தில் வளையம் இறுகினால் பால் வெளியே சொட்டாது; காற்று உள்ளே போகும். தொட்டியில் காரணம் தெரியாமல் நுரை கட்டும், பாலின் ஓட்டம் துள்ளும். ஈரமே இல்லாத கசிவு அது. கண்டுபிடிக்கக் காது வேண்டும். இதைக் காது மந்தத்தோடு சேர்த்து ஒரு பத்தி எழுதலாம். ஆனால் ஒன்று. ஹோமோஜினைசர் என்பது பாலை 150, 200 பார் அழுத்தத்தில் மயிரிழை இடைவெளியில் தள்ளுகிற இயந்திரம், பெருஞ்சத்தம் போடும். அதனால்தான் காது போயிற்று என்று எழுதாதீர்கள். வயதாலும் போகும். "அந்த இயந்திரம் ஓடுகிற கூடத்தில் 12 வருடம் வேலை பார்த்தார். கடைசியில் காது மந்தம்" என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் போதும்.

நோட்டுக்கு வருகிறேன். மூன்று எண்களில் முதலாவது லாக்டோமீட்டர் அளவு. 28 என்றால் பாலின் அடர்த்தி தண்ணீரைப்போல 1.028 மடங்கு. இரண்டாவது கொழுப்பு, சதவீதத்தில். மூன்றாவது எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள். அது அளந்தது இல்லை, முதல் இரண்டிலிருந்து கணக்குப் போட்டது. முதல் எண்ணை நாலால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, ஒரு நிலையான எண்ணைக் கூட்ட வேண்டும். போட்டுப் பாருங்கள். 28இல் கால் பங்கு 7; 4.0இல் கால் பங்கு 1, இரண்டும் 8. அவர் எழுதியிருப்பது 8.44. ஆக அவர் கூட்டிய எண் 0.44. அடுத்த வரி 7.25, 1.10, 0.44, மொத்தம் 8.79. சரியாக வருகிறது. அந்தக் கடைசி எண் எல்லா இடத்திலும் இதுவே இல்லை. லாக்டோமீட்டர் எந்த வெப்பநிலைக்குச் செய்யப்பட்டது என்பதையும் எந்தச் சூத்திரம் வழக்கத்தில் இருந்தது என்பதையும் பொறுத்து மாறும். உங்கள் பேச்சில் 0.44 என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் பழைய பால்பண்ணைக்காரர் யாராவது இருந்தால் நிமிர்ந்து உட்கார்வார்.

சிவப்பில் சுழித்த 26 – 3.6 – 7.84 தண்ணீர் சேர்ந்த பாலாக இருக்க வேண்டும். 29ம் 4.0ம் இருந்த பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் என்றால் ஏறக்குறைய 26ம் 3.6ம்தான் வரும். இரண்டும் சேர்ந்து இறங்குவது தண்ணீரின் கையெழுத்து. கொழுப்பை மட்டும் எடுத்திருந்தால் லாக்டோமீட்டர் மேலே ஏறியிருக்கும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. கொழுப்பையும் எடுத்து, கணக்காகத் தண்ணீரும் விட்டால் லாக்டோமீட்டர் ஒழுங்காக 28 காட்டும்! அதனால்தான் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. லாக்டோமீட்டரும் லேசில் உண்மை சொல்லாது. கறந்த சூட்டோடு, நுரையோடு அளந்தால் குறைத்துக் காட்டும். ஜாடியின் சுவரோரமாகப் பாலை ஊற்றி, வழியவிட்டு நுரையைத் தள்ளி, மிதவை சுவரைத் தொடாமல் நிற்கும்வரை பொறுத்து, கண்ணைப் பால்மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். உங்கள் தாத்தா ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை குனிந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் எத்தனை வரி, நோட்டில் எத்தனை பக்கம் என்று எண்ணிச் சொல்லுங்கள். நோட்டில் இருப்பதை மட்டும். முப்பத்து நாலு வருடத்தால் பெருக்கி லட்சக்கணக்கு சொல்லாதீர்கள். அவர் அளந்த ஆள், நீங்கள் உத்தேசம் சொல்லக் கூடாது.

துண்டும் துளை விழுந்த சட்டையும் கொழுப்புச் சோதனையிலிருந்து வந்தவை. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் 1891இல் கொண்டுவந்த முறை. முதலில் பூட்டைரோமீட்டரில் 10 மில்லி கந்தக அமிலம், கழுத்து நனையாமல். அதன்மேல் 10.75 மில்லி பால், சுவரோடு வழியவிட்டு, அமிலத்தோடு கலக்காமல் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பானைத் திருகி இறுக்கிவிட்டுத்தான் குலுக்க வேண்டும். குலுக்கிய கணத்தில் பால் பழுப்பாகி, கறுஞ்சிவப்பாகி, குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். அதற்குத்தான் துண்டு. குலுக்குவது, கவிழ்ப்பது, மறுபடி குலுக்குவது. ஒல்லி முனையில் நிற்கிற அமிலமும் கலக்கும்வரை. பிறகு சென்ட்ரிஃப்யூஜ் என்கிற சுழற்றும் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 1,100 சுற்று, ஐந்து நிமிடம். அதன்பின் 65 டிகிரித் தண்ணீரில் நிறுத்தி, அடைப்பானை மெல்லத் திருகி, குழாயின் ஒல்லிப் பகுதியில் பிரிந்து நிற்கிற கொழுப்பின் அடியை ஒரு முழுக்கோட்டுக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். பொன்னிறத்தில் தெளிவாக நின்றால் சோதனை சரி. அடியில் கரித்துகள் தெரிந்தால் அமிலம் மிஞ்சிவிட்டது, அல்லது பால் சூடாக இருந்தது. வெள்ளைத் தயிர்த் துகள் நின்றால் அமிலம் வலுக்குறைவு. இரண்டிலும் அந்த எண்ணை எழுதக் கூடாது, திரும்பச் செய்ய வேண்டும். கழுத்து நனைந்திருந்தால் அடைப்பான் வழுக்கிக் கழன்று உள்ளே இருப்பது பீறிடும். சட்டையில் துளை அப்படியும் வரும், பிப்பெட் நுனியில் தொங்குகிற ஒரு சொட்டாலும் வரும். பருத்தித் துணியில் அன்றைக்குத் தெரியாது, துவைக்கும்போது உதிர்ந்துவிடும். அந்தச் சட்டை ஒன்று இன்னும் இருந்தால், பேசும்போது விளக்கொளியில் தூக்கிக் காட்டுங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

இப்போது அந்த வட்டத் தாள். ஈ.சி.ஜி. என்று நினைத்ததில் பெரிய தப்பில்லை. பாஸ்டுரைசரின் வெப்பநிலைப் பதிவுத் தாள் அது. கடிகார விசையில் மெல்லச் சுற்றும். பேனா நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெப்பநிலையை எழுதிக்கொண்டே போகும். வளைந்த கோடுகள் நேரம், வட்டக் கோடுகள் டிகிரி. பால் 72 டிகிரிக்கு ஏறி, ஒரு குழாய்க்குள் 15 விநாடி அந்தச் சூட்டிலேயே ஓடி வர வேண்டும். அந்தக் குழாயின் முடிவில் ஒரு வால்வு இருக்கும். சூடு அளவுக்குக் கீழே போனால் வால்வு தானாகத் திரும்பி, பாலை முன்னே விடாமல் ஆரம்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். அதுதான் எஃப்.டி.வி. விளிம்போரம் இன்னொரு சின்னக் கோடு இருக்கிறதா பாருங்கள். அது வால்வு எந்தப் பக்கம் இருந்தது என்பதை எழுதுகிற இரண்டாவது பேனா.

தாளில் 2.40ஐத் தேடுங்கள். நோட்டில் சொன்னது நிஜமானால், சிவப்புக் கோடு அங்கே மூன்று இடத்தில் உள்ளே குழிந்திருக்கும். அதே மூன்று இடத்திலும் விளிம்புக் கோடு நகர்ந்திருக்கும். காரணமும் அவரே எழுதியிருக்கிறார்: ஸ்டீம். பாய்லரில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. பால் சூடாகவில்லை. வால்வு திரும்பிவிட்டது. பாக்கெட் போடுகிற இடத்தில் பால் வரவில்லை, விடிவதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆப்பரேட்டருக்கு வருகிற சபலம் எல்லோருக்கும் தெரிந்தது. வால்வைக் கம்பி போட்டுப் பிடித்து முன்பக்கமே நிறுத்திவிடலாம். அல்லது கட்டுப்பாட்டுக் கருவியில் அளவை இரண்டு டிகிரி இறக்கிவிடலாம். பால் ஓடும், யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மறுநாள் ஃபாஸ்ஃபடேஸ் சோதனையில் அகப்பட்டால்தான் உண்டு. பச்சைப் பாலில் இருக்கிற அந்த நொதி சரியான சூட்டில்தான் அழியும். மிச்சம் இருந்தால் பால் வேகவில்லை, அல்லது பச்சைப்பால் கலந்துவிட்டது. ஆனால் சோதனை முடிவு வருமுன் பால் வீடுகளுக்குப் போயிருக்கும்.

விளிம்புக் கோடு மூன்று முறையும் நகர்ந்திருந்தால், அவர் வால்வைத் தன்போக்கில் திரும்ப விட்டார், பாய்லர் ஆளைக் கூப்பிட்டார், காத்திருந்தார் என்று பொருள். வெப்பம் குழிந்த இடத்தில் விளிம்புக் கோடு அசையாமல் நேராக இருந்தால் அதற்கு வேறு பொருள். இரண்டாவது பேனாவில் மை தீர்ந்திருக்கலாம், வேறொன்றும் இருக்கலாம். அப்படியானால் இந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள், சாதகமாக எழுதாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். எழுதிவிட்டுப் பார்க்காதீர்கள்.

என் யோசனை, எட்டு நிமிடத்தில் பாதியை இந்த ஓர் இரவுக்குக் கொடுப்பது. இரவு ஷிப்ட் தொடங்கியது முதல் விடியும்வரை, அவர் கை என்னென்ன செய்தது என்பது மட்டும். முதலில் இயந்திரத்தில் தண்ணீரை ஓட்டிச் சூடேற்றுவார்கள். பிறகு தண்ணீரைப் பால் துரத்திக்கொண்டு வரும். இரண்டும் கலந்து வெளிறி வருவதைத் தனியே பிடித்து ஒதுக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் தகடுகளின் இரு பக்கத்து அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடாக்கி முடித்த பால் பக்கம் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருந்தாக வேண்டும். தகட்டில் ஊசித்துளை விழுந்தாலும் நல்ல பால் பச்சைப்பாலுக்குள் கசியுமே தவிர, பச்சை நல்லதற்குள் வராது. இந்த வரிசை ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். நான் சொன்னதை அப்படியே எழுதாமல் அவரோடு வேலை பார்த்தவரிடம் கேட்டு எழுதுங்கள்.

கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்மா" என்பார்கள், அதோடு முடிந்தது. நோட்டையும் வட்டத் தாளையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "இங்கே கோடு ஏன் குழிந்திருக்கு?" என்று கேளுங்கள். "ஷிப்ட் மாறும்போது வந்தவுடனே எதைத் தொட்டுப் பார்ப்பார்?", "யாராவது அவசரப்படுத்தினால் என்ன சொல்வார்?", "எதற்குத் திட்டுவார்?" இந்த மாதிரி. திட்டியதைக் கேட்டால் நிறைய வரும். கைபேசியில் பதிவு செய்வதானால் முகத்தைவிடக் கையைப் படமெடுங்கள். பேச்சில் வராதது பிடிக்கிற விதத்தில் வரும். பெயர்களையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனபின் மறந்துவிடும்.

தேதிகளுக்கு ஓய்வு உத்தரவையும் பணிப் பதிவேட்டையும் நம்பலாம், ஒரு விலக்கோடு. அதில் இருப்பது நிரந்தரமான நாள். அதற்கு முன் தினக்கூலியாக இருந்த வருடங்கள் பெரும்பாலும் காகிதத்தில் இருக்காது. 34 என்பது எதிலிருந்து எண்ணியது என்று பாட்டியிடம் கேளுங்கள். பதிவேட்டில் குறைவாக வந்தால் இரண்டையும் எழுதுங்கள்: இத்தனை வருடம் கூலியாக, இத்தனை வருடம் நிரந்தரமாக.

பாட்டியின் பகுதியை மறக்க வேண்டாம். மாடு எந்த நாளும் கறக்கும், அதனால் பால்பண்ணைக்கு விடுமுறை நாள் கிடையாது. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். பகலில் தூங்குகிற மனிதருக்காக வீட்டில் யார் எதை அடக்கி வாசித்தார்கள், எந்தெந்த விசேஷத்துக்கு அவர் வரவில்லை என்பதை மனவருத்தம் இல்லாமல், ஆனால் மறைக்காமல் சொல்லலாம். அவருக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும்.

எழுதும்போது, பாஸ்டுரைசருக்குப் பெயர் தந்த விஞ்ஞானி லூயி பாஸ்டரின் வரலாற்றோடு ஆரம்பிக்காதீர்கள். பால்பண்ணை என்றதும் பலருக்கு அந்த ஆசை வரும். அவர் 1860களில் சூடாக்கிப் பார்த்தது ஒயினை. பால் பின்னால்தான் வந்தது. தாத்தாவுக்குக் கிடைத்த எட்டு நிமிடத்தில் இரண்டை அவருக்குத் தர வேண்டியதில்லை. "அர்ப்பணிப்பு", "தன்னலமற்ற" போன்ற சொற்களை எழுதி முடித்தபின் தேடி அடியுங்கள். அடித்த இடத்தில் ஓட்டை விழுந்தால் அங்கே ஒரு செயல் வர வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் எண்ணூறு சொல். எண்கள் வருவதால் மெதுவாகத்தான் வாசிக்க முடியும், எழுநூறோடு நிறுத்துங்கள். ஒருமுறை சத்தமாக, கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள். அச்சில் வருகிற புத்தகத்தில் நோட்டின் ஒரு பக்கத்தையும் வட்டத் தாளையும் படமாகப் போடலாம். தாளை மடிக்காமல், பிளாஸ்டிக் உறைக்குள், வெயில் படாமல் வையுங்கள். சிவப்பு மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

பால் குடித்ததே இல்லை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஏன் என்று அவர் சொல்லியிருக்கிறாரா? இல்லை என்றால் காரணம் கற்பிக்க வேண்டாம். வேலையில் பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டார் என்று யாராவது அழகாகச் சொல்வார்கள். சிறுவயதிலிருந்தே பிடிக்காமலும் இருந்திருக்கலாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமலும் இருந்திருக்கலாம். அந்த ஒரு வரி அப்படியே நிற்கட்டும். கூட்டத்தில் சிரிப்பு வந்தால் வரட்டும், அது கேலி ஆகாது.

கடைசியாக, தட்டச்சு செய்த பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் கொடுத்து, ஒரு பேனாவையும் கொடுத்துவிட்டு வாருங்கள். வால்வையும் டிகிரியையும் பற்றி இவ்வளவு எழுதினால் அவர் திருத்த நாலு இடமாவது இருக்கும். ஒரு கோடுகூடப் போடாமல் "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தால் அவர் படிக்கவில்லை. இன்னொருவரைப் பிடியுங்கள்.

அன்புடன்.